ஒற்றைச் சொக்ஸும் பதினோராவது துவக்கும்

பதினொரு துவக்கு தொங்கவேண்டிய சுவரில் பத்துத்தான் தொங்கியது. பதினோராவதின் இடத்தில் இரண்டு பித்தளைக் கொக்கி மட்டும் சும்மா நீட்டிக்கொண்டு நின்றது.

“இங்கதான் மேடம் அந்தத் துப்பாக்கி தொங்கிச்சு. க்ரைம் சீன்,” என்றார் சிவராமன். செத்த வீட்டில் பெட்டியைக் காட்டுகிறவரின் குரல்.

மிசிசாகாவில் மூன்று கார் நிற்கிற வீடு அது. நிலவறை மட்டும் ஸ்காபரோவில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கிற அளவு. காலை வைத்ததும் யேசுரட்ணத்துக்கு முதலில் உறைத்தது நிலத்தின் சூடு. துவக்குகளுக்குக் குளிரக்கூடாது என்று நிலத்துக்கு அடியில் சுடுதண்ணிக் குழாய் ஓட விட்டிருந்தார் மனிதர். விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கிய யேசுரட்ணத்தின் முதுகுக்கு இப்படி ஒரு சூடு ஒருநாளும் கிடைத்ததில்லை. இரும்பாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்ததால் மூன்று பேரும் சொக்ஸோடு நின்றார்கள். மங்கையற்கரசியினது கறுப்பு. யேசுரட்ணத்தினதில் பெருவிரல் வெளியே வந்து ஊர் பார்த்தது. சிவராமனது சாம்பல் நிறக் கம்பளி, நுனி மட்டும் நல்ல சிவப்பு. இடது காலில் சிவப்புக்கு மேலே கறுப்பாக ஒரு கறை.

“வடிவான சொக்ஸ்,” என்றார் யேசுரட்ணம். “சேவல் கொண்டை மாதிரி.”

அதைப் புகழ்ச்சியாக எடுப்பதா என்று சிவராமனுக்குத் தெரியவில்லை. “மெரினோ கம்பளி சார்,” என்று சொல்லி வைத்தார்.

மங்கையற்கரசி சிரிக்கவில்லை. அவள் லேசில் சிரிக்கிற ஆளில்லை. தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ் எடுப்பதற்கு முன் பதினொரு வருடம் தகடு அடிக்கிற ஃபக்ரறியில் நின்றவள். இடது கை சுட்டுவிரலின் நுனியை அந்த மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தவள். இப்போது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், சீலைக் கடைக்கு மேலே, ஒரு அறை அவளுடைய ஒஃபிஸ். யேசுரட்ணம் அவளுக்கு உதவியாள். வேலை, கார் ஓட்டுவதும் வாயை ஓட்டுவதும்.

அன்று வெள்ளிக்கிழமை காலை அந்த ஒஃபிஸுக்கு ஒரு கடிதத்தோடு வந்திருந்தாள் குணவதி. இந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் துடைத்துக் கூட்டி உடுப்புத் தோய்க்கிறவள். கடிதத்தைச் சிவராமனே ரைப் பண்ணிக் கொடுத்திருந்தார். ‘துவக்கை நான்தான் திருடினேன், யாரிடம் விற்றேன் என்று தெரியாது’ என்று அதில் இருந்தது. பின்னேரம் நாலு மணிக்குள் கையெழுத்து வைத்தால் பொலிஸ் இல்லை. வைக்காவிட்டால் பொலிஸ். குணவதிக்குக் கனடாவில் நிரந்தரமாக இருக்கலாமா என்ற ஹியரிங் வருகிற பதினெட்டாம் திகதி. துவக்குக் களவென்று ஒரு கேஸ் விழுந்தால் ஹியரிங் இல்லை, பிளேன்தான். செட்டிகுளத்தில் தமக்கையோடு விட்டுவிட்டு வந்த பத்து வயது மகளை இங்கே எடுப்பதும் அதோடு முடிந்தது.

“கையெழுத்து வைச்சா விட்டிடுவாராம் அக்கா,” என்று மூக்கைச் சீறினாள் காலையில். அவள் வைத்துவிடுவாள் என்பது யேசுரட்ணத்துக்குத் தெரிந்தது. பயந்த சனம் எதிலும் கையெழுத்து வைக்கும்.

“அவ்வளவு பெறுமதியோ அது?” மங்கை வெற்றுக் கொக்கியைப் பார்த்துக் கேட்டாள்.

சிவராமன் இதற்குத்தான் காத்திருந்தார். “விலை விடுங்க மேடம். இதெல்லாம் ஹிஸ்டரி. ஃபர்ஸ்ட் வேர்ல்ட் வார்ல ஜெர்மன்காரன் செஞ்ச நீளத் துப்பாக்கி. 1916. இருபது வருஷம் கழிச்சு அவங்களே அதை எடுத்து, குழலை மாத்திக் குட்டையாக்கி, கைப்பிடியைக் கீழ வளைச்சு, கட்டையைக் குடைஞ்சு, புது மாடலுக்குக் கன்வெர்ட் பண்ணினாங்க. புதுசா செஞ்சது எவன்கிட்டயும் இருக்கும். இப்படி மாத்தினது, அதுவும் அசல் ராணுவப் பட்டறையில மாத்தினது, கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.”

“பழைய நீளக் காற்சட்டையை வெட்டிக் கட்டைக் காற்சட்டை ஆக்கின மாதிரி,” என்றார் யேசுரட்ணம்.

“சார், ப்ளீஸ்.”

“இல்லை, எங்கட வீட்டிலையும் அப்பிடி ஒண்டு கிடக்கு. ஹிஸ்டரி எண்டு தெரியாமல் நிலம் துடைக்கிறம்.”

மன்னாரில் துவக்குச் சத்தம் கேட்டுப் படகேறிய ஆள் யேசுரட்ணம். துவக்கைக் காசு கொடுத்து வாங்கி, எண்ணெய் பூசி, வெல்வெற் துணியால் துடைத்து, அதற்குக் கீழே பித்தளையில் பெயரும் எழுதித் தொங்கவிடுகிற மனிதரை இன்றுதான் கிட்ட நின்று பார்க்கிறார். ஒரு நாளைக்காவது இந்தச் சாமானுக்கு முன்னால் ஓடியிருந்தால் இப்படித் தடவமாட்டார்.

“அசலெண்டு எப்பிடித் தெரியும்?” மங்கை கேட்டாள்.

“போல்ட்.” சிவராமன் சுவரிலிருந்த ஒன்றைக் காட்டினார். சுடுவதற்கு முன்னும் பின்னும் இழுக்கிற, கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. “போல்ட் இல்லன்னா இது வெறும் பைப். நான் எல்லாத்தையும் கழட்டித் தனியா பூட்டி வெச்சிருப்பேன். மாத்தின துப்பாக்கியில போல்ட் மேல பழைய நம்பரைக் கோடு போட்டு அடிச்சிருப்பாங்க. கீழ புது நம்பர். அந்தக் கோடுதான் சர்டிஃபிகேட். விஷயம் தெரியாத முட்டாள் பார்த்தா, என்னடா அசிங்கமா அடிச்சுத் திருத்தியிருக்குன்னு அரம் போட்டுத் தேய்ச்சு...”

நடுவில் நிறுத்திவிட்டார். தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்.

“தேய்ச்சா?”

“தேய்ச்சா போச்சு மேடம். அப்புறம் அது குப்பை.”

பூட்டிய இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகப் பத்துச் சொக்ஸ். நீலம், பச்சை, கோடு போட்டது, புள்ளி போட்டது, எல்லாம் ஒற்றை ஒற்றை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு போல்ற், எண்ணெய் ஊறிக் கிடந்தது.

“துணியில சுத்தினா அவிழ்ந்துடும். சாக்ஸ்தான் பெஸ்ட். ஒரு ஜோடியில ஒண்ணு எடுத்துப்பேன்.”

“மற்றது?”

“அது எங்கயாவது கிடக்கும்.” அது தன் துறை இல்லை என்கிற மாதிரிக் கையை விசிறினார்.

நாளைக்குச் சனிக்கிழமை. துவக்குச் சேர்க்கிறவர்களின் சங்கம் இதே நிலவறையில் கூடுகிறது. ஒட்டாவாவிலிருந்து ஒரு கிழவர் பூதக்கண்ணாடியோடு வருகிறார். மூன்று வருடமாகச் சிவராமன் பீற்றிக்கொண்ட பதினோராவதை அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல. ‘எனக்குக் கிடைக்கவேண்டிய நாள்’ என்று சிவராமன் சொன்னபோது அவர் கண்ணில் நீர்கூட வந்தது. உண்மையான நீர்தான். அதுதான் யேசுரட்ணத்துக்குக் குழப்பமாக இருந்தது.

“எப்ப காணாமல் போனது?”

“ட்யூஸ்டே. மத்தியானம் ஒரு மணிக்கு நானே ட்ராயரைத் திறந்து பார்த்தேன். பதினொண்ணும் அதது சாக்ஸ்ல இருந்துச்சு. சாவியை மேஜைலயே வெச்சுட்டு மேல மீட்டிங் போயிட்டேன், அது என் தப்பு. அஞ்சு மணிக்கு வந்தா துப்பாக்கி இல்ல. போல்ட்டும் இல்ல, சாக்ஸோட.” ஃபோனை நீட்டினார். எதிர்வீட்டுக் கமராவில் எடுத்த படம். இரண்டு நாற்பதுக்குக் குணவதி வீட்டைவிட்டு வெளியே போகிறாள். தோளில் நீளமாக ஒரு கார்பெற் சுருள்.

“அதுக்குள்ள நீங்கள் குடுத்த பழைய கேர்ட்டின் கம்பியாம், குணவதி சொன்னவ. பஸ் ஸ்டொப்புக்குப் பக்கத்துப் பிளாசாத் தொட்டியில போடச் சொன்னீங்களாம்.”

“நான் ஒண்ணும் குடுக்கல. அவ சொல்றதை நம்புவீங்களா, நான் சொல்றதை நம்புவீங்களா?”

“ஆரையும் நம்புறதில்லை,” என்றாள் மங்கை. “துவக்கு களவு போனா உடன பொலிசுக்குச் சொல்லவேணும் எண்டு சட்டம். நீங்கள் இன்னும் சொல்லேல்லை.”

“லெட்டர் கைக்கு வந்ததும் ரிப்போர்ட் பண்ணத்தானே போறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. கையெழுத்து வைத்தாலும் பொலிஸ்தான். யேசுரட்ணம் மங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“நல்லது,” என்றாள். “அவ பயந்துபோய் இருக்கிறா. நாலு மணிக்கு மோர்னிங்சைட்டில அவவின்ர வீட்டுக்கே வாங்கோ, கடிதத்தை வாங்கலாம். ஆனா நீங்களும் ஒண்டு எழுதித் தரவேணும். காணாமல் போன சாமான் என்ன, கடைசியாக் கண்டது எப்ப. கையெழுத்தோட.”

சிவராமன் சந்தோசமாகத் தன் கம்பியூட்டரிலிருந்து ஒரு பட்டியலை அச்செடுத்தார். மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட பட்டியலாம். துவக்கின் நம்பர், போல்ற்றின் நம்பர், எந்தச் சொக்ஸில் இருக்கிறது என்பதுவரை பதினொரு வரிசை. அதன் அடியில் செவ்வாய்க்கிழமை ஒரு மணிக் கதையை அழகான கையெழுத்தில் எழுதி ஒப்பமும் வைத்தார். ஒழுங்கான மனிதர்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மங்கை மூலையிலிருந்த வேலை மேசையடியில் நின்றாள். மேசையில் ஒரு சின்ன இடுக்கி. அதன் பக்கத்தில் விலை ஒட்டுக்கூடக் கிழிக்காத ஒரு மெல்லிய அரம். மேசைப் பலகையைக் குறைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, விரலைக் கைலேஞ்சியில் துடைத்து, லேஞ்சியை மடித்துப் பையில் வைத்தாள்.

*

நாலு-பூச்சியம்-ஒன்று பெருந்தெருவில் கார்கள் எறும்பு போல ஊர்ந்தன. மணி இரண்டு.

“என்ன துடைச்சனீர்?” என்றார் யேசுரட்ணம்.

“இரும்புத்தூள். புதுசு. லேசாத் துருப் பிடிக்கத் தொடங்கியிருக்கு. ஒரு கிழமைக்குள்ள அராவினது.”

“அதை ஏன் கூட்டித் துடைக்கேல்லை அந்த ஆள்?”

“செவ்வாய்க்கிழமை நிலவறையைக் கூட்ட வரவேண்டாம் எண்டவராம், அதுக்குப் பிறகு குணவதி போகேல்லையே அண்ணை. வேற ஆர் துடைக்கிறது?”

யேசுரட்ணம் மெச்சிச் சிரித்தார்.

“எங்கட ஃபக்ரறியில,” என்றாள் மங்கை, “ஒரு பாகம் பிழைச்சு, திரும்பத் திருத்தினா, பழைய நம்பரை அழிக்கேலாது. கோடு கீறிப்போட்டுப் பக்கத்தில புதுசு அடிப்பம். புதுசா வந்த ஒருத்தன் வடிவாயில்லை எண்டு ஒருநாள் எல்லாத்தையும் கிறைண்டரில தேய்ச்சிட்டான். ஒரு பெட்டிச் சாமான் அப்பிடியே உருக்கிறதுக்குப் போச்சு. இந்த ஆளும் அதைத்தான் செய்திருக்கிறார். ஒட்டாவாக் கிழவர் வாறார் எண்டு மினுக்கினவர். மினுக்கின பிறகுதான் ஆரோ சொல்லியிருக்கினம், மடையா, அந்தக் கோடுதான் சாமானே எண்டு.”

“அதுக்கு ஏன் களவு?”

“களவு போன துவக்குக்கு சங்கத்தில எல்லாரும் கவலைப்படுவினம். கை குடுப்பினம். அராவின துவக்குக்குச் சிரிப்பினம்.”

யேசுரட்ணம் அடுத்த லேனுக்கு மாறினார். ஒரு ஆள் ஒரு பின்னேரச் சிரிப்புக்குப் பயந்து, இன்னொரு ஆளை ஆயுள் முழுக்க அழ வைப்பது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த ஆள் சேர்த்து வைத்திருப்பது துவக்கு இல்லை, கைதட்டு.

“அப்ப கார்பெற்றுக்குள்ள இருந்தது கம்பி இல்லை.”

“கமராவுக்கு முன்னால அவவே தூக்கிக்கொண்டு போகவேணும். பிளாசாத் தொட்டி புதன்கிழமை காலி. துவக்கு போச்சு, படம் மிஞ்சும்.”

“தன்ர பிள்ளை மாதிரி வளர்த்ததை எறிஞ்சிட்டானே பாவி.”

“அதுதான் கண்ணில தண்ணி. இதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணை, நிரூபிக்கேலாது. தூள் வேற துவக்கை அராவினது எண்டுவார். இன்னொரு விசயம். காலமை நான் குணவதியைக் கேட்டன், தொட்டியில போட்டனீரோ எண்டு. அவ என்ன சொன்னவ?”

யேசுரட்ணம் யோசித்தார். “மூக்கைச் சீறினவ.”

“‘போட்டனான்’ எண்டு சொல்லேல்லை,” என்றாள் மங்கை. “கெதியா ஓட்டுங்கோ.”

*

ஏழாம் மாடியில் குணவதியின் ஒற்றை அறை. யன்னலில் கேர்ட்டின் இல்லை. ஒரு பூப்போட்ட கட்டில் விரிப்பை ஆணியில் கொளுவியிருந்தாள். மேசையில் கடிதமும் பேனையும் ரெடி. கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, கமராவில் கண்ட அதே கார்பெற் சுருள். நாலு இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ரேப் சுற்றியபடி, பிரிக்காமல்.

யேசுரட்ணம் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

“என்னைப் பேசாதேங்கோ அக்கா,” என்றாள் குணவதி, தலையைக் குனிந்துகொண்டு. “எறிய மனம் வரேல்லை. நல்ல கம்பி, நல்ல பாரமாயிருந்தது. கார்பெற்றும் கிழியேல்லை. குசினியில நிண்டு சமைக்கக் காலுக்குக் குளிராது. முந்தி ஒருக்கா அவற்ற குப்பையில இருந்து ஒரு சட்டி எடுத்ததுக்குப் பிச்சைக்காரி மாதிரிச் செய்யாதே எண்டு பேசினவர். அதான் சொல்ல வெக்கமாயிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணை நாளைக்குத்தான் ட்றில் கொண்டுவந்து பூட்டித் தாறன் எண்டவர்.”

“மிசிசாகாவில இருந்து இதை எப்பிடிக் கொண்டு வந்தனீர்?”

“ரெண்டு பஸ், சப்வே, பிறகு இன்னொரு பஸ். சப்வேயில ஒரு பொலிஸ்காரர் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், இது முட்டாமல் இறங்க.”

யேசுரட்ணம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

மங்கை கையுறை போட்டு ஒரு பக்கத்து ரேப்பை மட்டும் வெட்டினாள். சுருள் வாயைத் திறந்தது. உள்ளே கேர்ட்டின் கம்பி இல்லை. கறுத்த குழல், குடைந்த கட்டை. போல்ற் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

குணவதி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். அழவில்லை. “அப்ப நான்தான் கள்ளி,” என்றாள். “என்ர வீட்டிலதான் கிடக்கு.”

அது உண்மை. கடிதத்தில் கையெழுத்துக்கூடத் தேவையில்லை இனி. படம் அங்கே, துவக்கு இங்கே. எறிந்திருந்தால் அவளுக்கு எதிராக ஒரு படம்தான் இருந்திருக்கும். எறியாததால் கேஸ் முழுதாகக் கதவுக்குப் பின்னால் நின்றது. எறியச் சொன்னதை எறிந்துவிடுவாள் என்று சிவராமன் நினைத்தது, அவர் ஒருநாளும் ஒன்றுமில்லாமல் இருந்ததில்லை என்பதால். அந்தப் பிழை இப்போது அவருக்கே லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அது இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

மணி மூன்று பத்து.

“போல்ற் எங்க?” என்றாள் மங்கை. “எறியிற துவக்கில போல்ற்றைப் போட்டே எறிஞ்சிருக்கலாம். பட்டியலை வாசியுங்கோ அண்ணை. பதினோராவது.”

யேசுரட்ணம் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். “பதினொண்டு. மாத்தின துவக்கு. துவக்கின்ர நம்பர் இது, போல்ற்றின்ர நம்பர் இது. சொக்ஸ்: சாம்பல் கம்பளி, சிவப்பு நுனி...”

“அது சோடி சேர்ந்திட்டுதே,” என்றாள் குணவதி நிலத்தில் இருந்தபடி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அந்த வீட்டில எப்பவும் பதினொரு ஒற்றைச் சொக்ஸ் மிஞ்சும். ஒரு பையில போட்டு வைச்சிருக்கிறன். தொலைச்சுப் போட்டன் எண்டு என்னைத்தான் பேசுவார். செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்கு ஊத்தை உடுப்புக் கூடையைக் கொட்டினா, அதுக்குள்ள சிவப்பு நுனி கிடக்கு, எண்ணெய் நாறிக்கொண்டு. தோய்ச்சன், காய வைச்சன், மற்றதோட சோடி சேர்த்து அவற்ற உடுப்பு அலுமாரி லாச்சியில மேலால வைச்சன். கறை மட்டும் போகேல்லை.”

யேசுரட்ணம் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“இடது காலோ?” என்றார்.

“சொக்ஸுக்கு இடது வலது இருக்கோ அண்ணை?”

“அந்த ஆளுக்கு இருக்கு. இடது காலிலதான் போட்டிருக்கிறார்.” தொண்டையைச் செருமினார். “சேவல் கொண்டை எண்டு நானே சொன்னனான். என்ர வாயாலயே.”

மங்கை அப்போதுதான் சிரித்தாள். சத்தமில்லாமல், ஒரு பக்கத்து உதட்டால். பிறகு ஃபோனை எடுத்து, வக்கீலுக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, இரண்டே அழைப்பு. சுருளை ஒருவரும் தொடவில்லை.

*

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் முந்தி மணி அடித்தது. ஒழுங்கான மனிதர்.

வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளைக் கண்டு, கேட்காமலே தன்னுடையதையும் கழற்றினார் சிவராமன். உள்ளே வந்து கடிதத்தைப் பார்த்தார். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

“என்ன குணவதி, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“அதுக்கு முதல் ஒரு சந்தேகம்,” என்றாள் மங்கை. “நீங்கள் எழுதித் தந்ததில, செவ்வாய் ஒரு மணிக்கு பதினோராவது போல்ற் அதின்ர சொக்ஸில இருந்ததெண்டு இருக்கு. சரியோ?”

“ஆமா. என் கண்ணால பார்த்தேன்.”

“சொக்ஸோட கள்ளன் கொண்டுபோயிட்டான்.”

“ஆமா மேடம். எத்தனை தடவை?”

“என்ன நிறம்?”

“லிஸ்ட்ல இருக்கே. கிரே. ரெட்...”

வாய் நின்றது. அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது. சிவப்பு நுனிக்குள் பெருவிரல் இரண்டும் மடங்கின, ஒளிக்க இடம் தேடுகிற மாதிரி.

“கள்ளன் நல்லவன்,” என்றார் யேசுரட்ணம். “துவக்கைக் கொண்டுபோயிட்டு, சொக்ஸைத் தோய்ச்சுக் காயவைச்சு, உங்கட காலிலையும் மாட்டிப்போட்டுப் போயிருக்கிறான்.”

“இது வேற ஜோடி. ரெண்டு ஜோடி வாங்கியிருப்பேன்.”

“எண்ணெய்க் கறையும் சேர்த்தோ வாங்கினீங்கள்?” என்றாள் குணவதி. முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “நான் மூண்டு தரம் தேய்ச்சனான்.”

“திங்கள் இரவோ அதுக்கு முந்தியோ போல்ற்றை எடுத்திருக்கிறீங்கள்,” என்றாள் மங்கை. “அராவினீங்கள். சொக்ஸ் எண்ணெயாக் கிடந்தது, கூடையில எறிஞ்சீங்கள். கையில எது ஊத்தையா இருந்தாலும் கூடையில போடுறது உங்கட பழக்கம், அது தானாத் தோய்ஞ்சு லாச்சிக்கு வரும். துவக்கைச் சுத்தி எறியக் குடுத்தீங்கள். போல்ற்றைக் குடுக்கேல்லை. ஏனெண்டா அந்த வழுவழுப்பை ஆராவது கண்டிடுவினம் எண்டு பயம். அது இப்பவும் உங்கட வீட்டிலதான் இருக்கு.”

“எவிடென்ஸ் வேணும் மேடம். துப்பாக்கி எங்கன்னு தெரியாம...”

யேசுரட்ணம் கதவை மெல்லச் சாத்தினார். அதற்குப் பின்னால் சுவரில் கார்பெற் சுருள் வாய் திறந்து நின்றது.

சிவராமன் அதைப் பார்த்த பார்வையை யேசுரட்ணம் பிறகு பலருக்கும் நடித்துக் காட்டினார். முதலில் பயம். அடுத்து, வெட்கமே இல்லாமல், சந்தோசம். தொலைந்த பிள்ளையைக் கண்ட மாதிரி ஒரு அடி முன்னால் வைத்தார். கட்டையைத் தடவக் கை நீண்டது. அதற்குப் பிறகுதான் தன் தலையைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்தது என்று மூளைக்கு எட்டியது.

“பார்த்தீங்களா,” என்றார். “இவ வீட்டுலயே இருக்கு. நான் சொன்னேன்ல? திருடி.”

“சேர், அதைத் தொடாதேங்கோ.”

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு கொன்ஸ்டபிள் நடாஷா வந்தாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பின்னால் இன்னொரு பொலிஸ்காரர், தமிழ் விளங்காமல், ஆனால் சொக்ஸையே பார்த்துக்கொண்டு.

“ஐ ஹேர்ட் எவ்ரிதிங்,” என்றாள் நடாஷா. “சுருளில ரேப்பின்ர ஒட்டுற பக்கத்தில ஆற்ற விரல் அடையாளம் எண்டு பார்ப்பம். உங்கட வீட்டுக்கு வாறண்ட் எடுக்க ஆள் போயிட்டுது. போல்ற் எங்க எண்டு நீங்களே சொன்னா, யூ நோ, எல்லாருக்கும் ஈஸி.”

சிவராமன் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் வக்கீல், உரிமை என்று ஏதோ சொன்னார். பிறகு ஒருவரும் கேட்காமலே மங்கையைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரே ஒரு கோடு மேடம். கோணலா இருந்துச்சு. நாளைக்கு எல்லாரும் வருவாங்கன்னுதான்... ரெண்டே நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல நூறு வருஷம் போச்சு.”

“உங்கட நூறு வருசம் போச்சு,” என்றாள் மங்கை. “இவவின்ர அடுத்த நாற்பது வருசத்தைத் தூக்கிக் குப்பையில போடப் பார்த்தீங்கள். அதைச் சொல்லி அழ உங்களுக்கு வரேல்லை.”

தன்னிடம் ஏதோ சம்பந்தமில்லாத விசயம் கேட்டது போல அவர் முழித்தார். யேசுரட்ணத்துக்கு அந்த முழிதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். சப்பாத்துக் கயிறு கட்ட நேரம் எடுத்தது. நடாஷா குணவதியிடம் விவரம் எழுதி, சாட்சியாக மட்டும்தான் கூப்பிடுவோம், ஹியரிங்குக்கு ஒரு பழுதும் வராது, வக்கீலிடம் கடிதமும் தருகிறோம் என்று இரண்டு தரம் சொன்னாள். குணவதி மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னாள்.

சிவராமன் கொண்டுவந்த கடிதத்தையும் பொலிஸ் பையில் போட்டுக்கொண்டது. சுருளும் போனது. யன்னலில் கட்டில் விரிப்பு அப்படியே கிடந்தது.

“கேர்ட்டின் கம்பி நான் வாங்கித் தாறன்,” என்றார் யேசுரட்ணம். “உண்மையான கம்பி. சுடாது.”

“கார்பெற்?”

“அதையும் பாப்பம்.”

குணவதி தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். கொஞ்ச நேரம் ஏதோ கணக்குப் பார்க்கிற முகத்தோடு அடுப்படியில் நின்றாள்.

“அக்கா, மற்றப் பத்துத் துவக்கும்?”

“எல்லாத்தையும் எடுப்பினம். லைசென்ஸும் போகும்.”

“அந்தப் போல்ற்றுகள்?”

“அதையும்தான். சாட்சிச் சாமான். சொக்ஸோட அப்பிடியே பையில கட்டிக்கொண்டு போவினம்.”

“அப்ப மற்றப் பத்தும் ஒற்றையாத்தான் கிடக்கும்,” என்றாள் குணவதி, சீனிப் போத்தலைத் திறந்துகொண்டு. “இனி அவரே தேடட்டும்.”